சிரிக்க வைத்தால் சம்பளம் எவ்வளவு?

கேள்வி: 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நகைச்சுவை நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 90,000 வார்த்தை வந்திருக்கிறது. வயது 29. ஏலக்காய் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா? பதிப்பாளர் ஒருவர் அத்தியாயத்துக்கு ஒரு நீதி சேர்க்கச் சொல்கிறார்; எங்கள் பேச்சில் கலந்திருக்கும் மலையாளத்தை எடுக்கச் சொல்கிறார். நகைச்சுவை எழுதினால் எழுத்தாளர் என்று மதிப்பார்களா? முதல் அத்தியாயத்தை இணைத்துள்ளேன்.
– வாசகி ஒருவர், போடிநாயக்கனூர்

பதில்: வேலையை விடாதீர்கள். கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். டெம்மி அளவில் 160 பக்கம், விலை 200 ரூபாய், ராயல்டி, அதாவது விற்ற பிரதிக்கு உங்கள் பங்கு, 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். அதுவும் விற்று, வசூலாகி, கணக்கு முடித்த பிறகு. புது ஆளின் புத்தகத்தை 100, 200 என்று கொஞ்சம் கொஞ்சமாக அச்சடிக்கிற காலம் இது. 500ஐத் தொடவே இரண்டு புத்தகக் காட்சி ஆகலாம்.

அடுத்து, அந்த 90,000 வார்த்தை. பக்கத்துக்கு 220 வார்த்தை என்றால் 400 பக்கம் தாண்டும். பத்தாம் வகுப்புப் பையன் கையில் எடுக்கமாட்டான். எடுத்தாலும் விலையைப் பார்த்து அவன் அப்பா கீழே வைத்துவிடுவார். இந்த வயதுக்கு 30,000, மிஞ்சினால் 35,000 போதும். நீங்கள் மூன்று நாவலை ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரியுங்கள். இந்த வகை எழுத்தில் ஒருவர் நிலைப்பது ஒரு புத்தகத்தால் அல்ல, வாசகர் திரும்பத் தேடிவரும் ஒரு பாத்திரத்தால்.

இங்கிலாந்தின் லூயிஸ் ரென்னிசனை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் தனியாளாக நடித்துச் சிரிக்கவைத்தவர். பத்திரிகையில் பத்தி எழுதியவர். முதல் நாவல் 1999இல் வந்தபோது வயது 47ஐத் தாண்டியிருந்தது. ஜார்ஜியா நிக்கல்சன் என்ற ஒரே பெண்ணின் டைரியாகவே 2009 வரை 10 புத்தகம். அந்தப் பெண்ணின் குரல் ஒரே நாளில் வந்ததல்ல. பத்தியிலும் மேடையிலும் பழகிய கை. நீங்களும் மாதம் 600 வார்த்தையில் ஒரு பத்தி எழுதிப் பழகுங்கள். எந்தச் சிறுபத்திரிகையானாலும் சரி.

இனி, அனுப்பிய அத்தியாயம். உங்கள் வாக்கியம்: 'அப்பாவின் ஸ்கூட்டர் பஞ்சராகிவிட்டதால்தான் லேட் என்று பாலு புளுகினான், ஏனென்றால் அவன் அப்பா பள்ளி பஸ் டிரைவர், அதைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.' மூன்று தவறு. புளுகு என்று நீங்களே போட்டுக்கொடுத்துவிட்டீர்கள். வெடியை நடுவில் புதைத்துவிட்டீர்கள். வாசகர் சிரிக்கவேண்டிய இடத்தில் வகுப்பைச் சிரிக்கவிட்டீர்கள். இப்படிப் பாருங்கள்:

'அப்பா ஸ்கூட்டர் பஞ்சர் சார்' என்றான் பாலு. சார் தலையாட்டினார். அன்று காலை சாரையும் வகுப்பில் பாதிப் பேரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பஸ்ஸை ஓட்டியவர், பாலுவின் அப்பா.

சேதி கடைசிச் சொல்லில். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட வேண்டாம். சினிமா காமெடி வசனங்கள் பதினொன்று எண்ணினேன், எல்லாவற்றையும் வெட்டுங்கள். கைப்பிரதி அச்சாகிப் பள்ளி நூலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த வசனம் கிழடாகியிருக்கும். திக்குவாய்ப் பையன், குண்டு டீச்சர் இருவரையும் அப்படியே நீக்கிவிடுங்கள். அது சிரிப்பல்ல, சீண்டல். அந்த வயதில் அதை வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள்தான் உங்கள் வாசகர்கள்.

சோதிக்க ஒரு வழி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரிடம், எழுதியது யாரென்று சொல்லாமல் ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'சூப்பர்க்கா' என்றுதான் வரும். சிரித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தொடர்ந்து இரண்டு பக்கம் கோடே இல்லையென்றால் அங்கே கத்தரி.

நீதி விஷயம். காசு கொடுப்பவர் பெற்றோர், படிப்பது பிள்ளை. பதிப்பாளரின் பயம் புரிகிறது. பெற்றோருக்குச் சொல்லவேண்டியதைப் பின்னட்டையில் நான்கு வரியில் சொல்லிக்கொள்ளட்டும். உள்ளே வேண்டாம். பதினைந்து வயதுக்கு அறிவுரை வாடை ஒரு மைல் முன்னாலேயே அடிக்கும்.

மலையாளத்தை எடுத்தால் நாவலில் என்ன மிஞ்சும்? கேரளத்துப் பூப்பாறைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் அம்மா, ஆட்களைத் திணிக்கும் டிரைவரை 'மதி, மதி, இனி ஆள் ஏத்தாதே' என்று அதட்டுகிறாள். விருதுநகர் வாசகருக்கும் அது புரியும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கிடையாது, போடிமெட்டு ஏறிக் கேரளத்தில் இறங்கினால் உண்டு. தாத்தாவின் ஓணம் பம்பர் டிக்கெட்டைக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்த பையனின் கதை உங்கள் ஊரில்தான் நடக்கமுடியும். ஒன்று, அடிக்குறிப்பு போடாதீர்கள். பக்கத்தடிக்குப் போய்ப் பொருள் பார்த்துவிட்டு வருகிறவன் சிரிக்கமாட்டான். ரென்னிசனின் அமெரிக்கப் பதிப்பில் இங்கிலாந்துப் பேச்சுக்குச் சொல்லகராதி உண்டு. அதுவும் கடைசியில், ஜார்ஜியாவே நக்கலாகச் சொல்வதுபோல. வேண்டுமென்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

ஒப்பந்தம் இல்லாமல் கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் 'முழு உரிமையும் நிரந்தரமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் போச்சு. தமிழ் அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். மலையாள மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், திரைப்படம், வெப் சீரிஸ் உங்களிடமே இருக்கட்டும். ஆண்டுக்கொரு விற்பனைக் கணக்கு, இருப்புத் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பும் என்ற வரி, இரண்டும் அவசியம். பணம் கட்டினால் புத்தகம் போடுகிறேன் என்பவரிடம் நீங்கள் எழுத்தாளர் அல்ல, வாடிக்கையாளர்.

மதிப்பா? நகைச்சுவை எழுத்தாளர் தேவன் 1957இல் காலமானார். விகடனில் சிரிக்கவைத்த அவருடைய 'துப்பறியும் சாம்பு'வை இன்றும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விருதுதான் மதிப்பு என்றால் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார், இளம் எழுத்தாளருக்குத் தரும் யுவ புரஸ்கார் இரண்டும் 50,000 ரூபாய். யுவவுக்கு வயது வரம்பு 35. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதல் 30,000 வார்த்தையைப் பிரித்து, வெட்டி முடித்தபின் மூன்று அத்தியாயம் அனுப்புங்கள். யூனிகோடில். நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் திறக்கமாட்டேன்.