காரின் எரிபொருள் பம்ப்புக்கு மின்னழுத்தம் குறைவாக வந்தால் பழுதை எங்கே தேடுவது?

பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, பம்ப் கனெக்டரில் 9.5 வோல்ட் மட்டுமே வருகிறது, பம்ப்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம், வழியில் எங்கோ 3 வோல்ட் தொலைகிறது, அதே வழியில் புதிய பம்ப்பைப் பொருத்தினாலும் அதுவும் திணறத்தான் செய்யும்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் பாயாதபோது, ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆகவே பம்ப் ஓடும்போதே, கனெக்டரின் பின்புறமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். முதலில் பம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பாடியில் எர்த் ஒயர் முடுக்கப்பட்டுள்ள போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள். என் கணிப்பில் பலரும் கடைசியாகப் பார்க்கும் இடம் இதுதான். எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் பக்கம் வந்து, ஃபியூஸின் இரு முனைகள், ரிலேயின் (பம்ப்புக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 30, 87 என எண்ணிட்ட, மின்சாரம் உள்ளே வரும், வெளியே போகும் முனைகள் என ஒவ்வொன்றின் குறுக்கேயும் அளக்க வேண்டும். ரிலேயின் தொடுமுனை கருகி 0.3 ஓம் தடை உருவானாலே, 6 ஆம்பியர் பாயும்போது 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும்.

பம்ப்பின் வேகத்தைத் தனி மாட்யூல் கட்டுப்படுத்தும் கார்களில் மின்சாரம் துடிப்புகளாகவே செல்வதால், குறைந்த அளவீடு பழுதாக இல்லாமல் இயல்பாகவும் இருக்கலாம். டேங்க் அருகே பெட்ரோல் வாடை இருந்தால் ஒயரைத் தொடாதீர்கள்.