இரவில் மருத்துவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து ஆறு மாதங்களாகின்றன. இரவுப் பணியில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, பதற்றத்தில் சொல்ல வந்ததே குழம்பிவிடுகிறது. இதை எப்படித் திருத்திக்கொள்வது?
– வாசகி, மதுரை

பதில்: இது திறமைக் குறைவு அன்று, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்ளாமல் அழைப்பதால் வருவது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி, பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த 'எஸ்.பி.ஏ.ஆர்.' என்னும் முறை, இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள் ஆகிய நான்கையும் இதே வரிசையில் சொல்லப் பழக்குகிறது. "டாக்டர், நான்காம் வார்டு செவிலியர் பேசுகிறேன். ஏழாம் படுக்கை நோயாளிக்கு ரத்த அழுத்தம் 80/50-க்கு இறங்கிவிட்டது. நேற்றுக் குடல் அறுவை சிகிச்சை ஆனவர். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். கணிப்பைச் சொல்லத்தான் இளையவர்கள் பெரிதும் தயங்குகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் படுக்கையருகே நிற்பவர் நீங்கள் என்பதால், அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. அழைப்பதற்கு முன் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து, கேஸ் ஷீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, அவர் 'சரி' என்ற பின்னரே தொலைபேசியை வையுங்கள்.