பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி உள்ள குழந்தைக்கு 17 ஓஎச்பி அளவு இயல்புக்கு வந்தே தீர வேண்டுமா?

வர வேண்டியதில்லை. 17 ஓஎச்பி (17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன்) என்பது அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசால் ஹார்மோன் உருவாகும் வழியில் வரும் இடைப்பொருள். அதை வலிந்து இயல்புக்குக் கொண்டுவர முயல்வதே பல நேரங்களில் குழந்தைக்குக் கேடாக முடியும். ஆறு வயது மகளின் அறிக்கையில் 17 ஓஎச்பி மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம் என்று தடித்த எழுத்தில் வந்திருப்பதால், கார்ட்டிசாலுக்கு மாற்றாகக் கொடுக்கும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குறைபாட்டோடு பிறந்த மகனை வளர்க்கும் தகப்பன் என்ற முறையில், எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கியதைக் கொண்டு எழுதுகிறேன்.

இக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி போதிய அளவில் வேலை செய்வதில்லை. அதனால் கார்ட்டிசால் உருவாகும் பாதை இடையில் அடைபட்டு 17 ஓஎச்பி தேங்குகிறது; கார்ட்டிசால் குறைந்ததை உணரும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை மேலும் மேலும் சுரந்து அட்ரீனலை முடுக்க, மிகுதியெல்லாம் ஆண்ட்ரோஜன்கள் என்னும் ஆண்தன்மை ஹார்மோன்களாக மாறுகிறது. எலும்பை முன்கூட்டியே முதிரச் செய்து இறுதி உயரத்தைக் குறைப்பவை இந்த ஆண்ட்ரோஜன்களே. ஆரோக்கியமான குழந்தைக்கு உரிய அளவான 1 நானோகிராமுக்கும் கீழே 17 ஓஎச்பியை இறக்க வேண்டுமானால், உடல் தானாகச் சுரப்பதைவிட மிகுதியான ஸ்டீராய்டு தேவைப்படும். அது வளர்ச்சியைத் தடுத்து எடையைக் கூட்டிவிடும். ஆகவேதான், காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 நானோகிராம் வரை இருப்பதைப் பல மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் ரத்தம் எடுத்த நேரம் தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. விடியற்காலையில் ஏசிடிஎச் உச்சத்தில் இருப்பதால், மாத்திரைக்கு முன் எடுத்ததும் மாத்திரை போட்ட இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததும் ஒரே குழந்தையிடம் பல மடங்கு வேறுபடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே ஆய்வகத்தில் எடுத்து, கடைசி மாத்திரை கொடுத்த நேரத்தை அறிக்கையிலேயே குறித்து வையுங்கள். கூடவே ஆண்ட்ரோஜன்களான ஆண்ட்ரோஸ்டீன்டையோனையும் டெஸ்டோஸ்டீரோனையும் பார்க்கச் சொல்லுங்கள். என் கருத்தில் இவ்வயதில் 17 ஓஎச்பியைவிட இவையே உண்மை நிலையைச் சொல்கின்றன. உடல் சிறுநீரில் உப்பை இழக்கும் உப்பிழப்பு வகையானால், உப்பைத் தக்கவைக்கும் மருந்தான ஃப்ளூட்ரோகார்ட்டிசோனின் அளவைத் தீர்மானிக்க, ரத்தத்தில் பார்க்கும் ரெனின் அளவும் ரத்த அழுத்தமும் வேண்டும்.

இவற்றோடு உயர வளர்ச்சி வேகமும் இடக்கை எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு வயதும் குழந்தையின் வயதுக்கு ஏற்றபடி இருந்தால், 8 என்ற எண்ணுக்காக மருந்தைக் கூட்ட வேண்டாம். மாறாக ஆண்ட்ரோஸ்டீன்டையோன் ஏறி, எலும்பு வயது உண்மை வயதைத் தாண்டி ஓடினால், ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு அஞ்சாமல் மருத்துவர் கூட்டுவதை ஏற்றுக்கொள்ளுங்கள். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து என்பதே வழக்கமான அளவு. பிள்ளை வளர வளர அதுவும் மாற வேண்டும்.

காய்ச்சல் நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது அறிக்கைக்காகக் காத்திராமல், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.