ஃபோம் ஒன் கணக்கும் ஒரு மைனஸும்

கேள்வி: சார், பையன் தமிழ்ப்பள்ளி முடிச்சு இப்ப ஃபோம் ஒன் (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்). கணக்குல நல்லாத்தான் இருந்தான், இந்த பெர்சாமாஆன் லினியர் செரெந்தாக் (ரெண்டு சமன்பாட்டை வச்சு எக்ஸ், வை கண்டுபிடிக்கிற கணக்கு) வந்ததுலேர்ந்து பாதி விடை தப்பாதான் வருது. பெங்கந்தியான் (பதிலீடு) பண்றதா பெங்ஹாப்புசான் (நீக்கல்) பண்றதான்னு என்கிட்ட வந்து கேக்குறான், எனக்கு என்ன தெரியும்? டியூஷன் போடவா?
– ஓர் அம்மா, செந்தூல்

பதில்: அக்கா, டியூஷனுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி அவனை இப்படிக் கேட்டுப் பாருங்க. மாமாக் கடையில ஒரு மேசைக்கு 3 ரொட்டி சானாய் 2 தே தாரிக் (டீ), பில் 9 வெள்ளி 50 காசு. பக்கத்து மேசைக்கு 3 ரொட்டி 1 தே, 7 வெள்ளி. தே என்ன விலை? பேப்பரே எடுக்காம 2 வெள்ளி 50 காசுன்னு சொல்லிடுவான், ஏன்னா ரொட்டி ரெண்டு பக்கமும் 3, கழிச்சா போயிடுது. பெங்ஹாப்புசான் இவ்வளவுதான் லா.

அப்புறம் எங்க மாட்டுறான்? எனக்கு என்னவோ மைனஸ்லதான்னு படுது. 5எக்ஸ் + 2வை = 19, அதுக்குக் கீழ 5எக்ஸ் – 3வை = 9. கழிக்கும்போது 2வை-லேர்ந்து –3வை போகணும், அதாவது 5வை = 10, வை 2, எக்ஸ் 3. பிள்ளைங்க அவசரத்துல 2 – 3ன்னு போட்டு –வை = 10ன்னு எழுதிடுவாங்க, அதுக்கப்புறம் எவ்வளவு ஒழுங்கா செஞ்சாலும் விடை வராது. கீழ் வரியில இருக்கிற எல்லா குறியையும், வலது பக்க 9 உட்பட, பென்சில்ல மாத்தி எழுதிட்டுக் கூட்டச் சொல்லுங்க. கழிக்கவே வேணாம்.

எந்த வழின்னா, எக்ஸோ வையோ முன்னாடி நம்பர் இல்லாம தனியா நின்னா பெங்கந்தியான், அதாவது அது எதுக்குச் சமம்னு எழுதி இன்னொரு வரியில அதுக்குப் பதிலா போடுறது, இல்லாட்டி பெங்ஹாப்புசான். ரெண்டுலயும் ஒரே விடைதான். நம்பரைச் சமமாக்க ஒரு வரியைப் பெருக்குனா வலது பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கணும், இதையும் நிறைய பேர் விட்டுடுறாங்க.

விடையை செக் பண்றப்ப, எந்த வரியில போட்டு எக்ஸ் கண்டுபிடிச்சானோ அதுலயே திருப்பிப் போட்டா வை தப்பா இருந்தாலும் சரியாத்தான் வரும், அதனால இன்னொரு வரியில போடணும். எப்பவாவது எல்லாம் கழிஞ்சு போய் 0 = 2ன்னு வந்து நின்னா பயப்பட வேணாம், கிராஃப்ல அந்த ரெண்டு கோடும் சந்திக்கவே சந்திக்காது, அதுக்கு விடையே கிடையாது.

ஒரு பத்து கணக்கு இப்படிப் போட்டும் வரலைன்னா அப்ப டியூஷனைப் பாருங்க.