எலும்பு முறியவில்லை, ஆனாலும் மூக்கு உள்வாங்கியது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு வயது 20. நான்கு மாதங்களுக்கு முன் கிரிக்கெட் ஆடும்போது பந்து மூக்கில் பட்டது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதன்பின் சில நாட்கள் இரு துவாரங்களும் அடைத்தே கிடந்தன. இப்போது மூக்குத் தண்டின் நடுவே பள்ளம் விழுந்து, இடப்பக்கம் மூச்சு விட முடியவில்லை. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். இது அவசியமா? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) பணம் தருமா? வரும் தைப்பூசத்திற்கு அவன் காவடி எடுப்பதாக வேண்டுதலும் இருக்கிறது.
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, மூக்கின் மேற்பகுதி மட்டுமே எலும்பு; கீழே உள்ள பெரும்பகுதி குருத்தெலும்பு, அது எக்ஸ்-ரேயில் தெரியாது. இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. தன்னைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அடிபட்டபின் உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கினால், இரண்டு மூன்று நாட்களிலேயே குருத்தெலும்பு அழியத் தொடங்கும். சீழ் பிடித்தால் இன்னும் விரைவாக அழியும். உங்கள் மகனுக்கு நடந்தது இதுவாகவே இருக்கக்கூடும். மற்ற வாசகர்களும் கவனிக்க: மூக்கில் அடிபட்டபின் இரு துவாரங்களும் அடைத்து, உள்ளே மிருதுவான சிவந்த வீக்கம் தெரிந்தால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று அந்த இரத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்.

இப்போது காலம் கடந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். விலகிய எலும்பைக் கையால் சரிசெய்யத்தான் முதல் இரண்டு வார வரம்பு உண்டு. குருத்தெலும்பைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை, வீக்கமும் தழும்பும் அடங்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருந்து செய்வதே பெரும்பாலும் வழக்கம். அதுவரை மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரே உட்சவ்வின் வீக்கத்தைக் குறைக்கலாம், ஆனால் பள்ளத்தையோ வளைவையோ நிமிர்த்தாது. வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: இடக் கன்னத்தை மூக்கின் ஓரத்திலிருந்து விரலால் வெளிப்பக்கம் இழுக்கும்போது மூச்சு திறந்தால், அடைப்பு மூக்கின் குறுகிய வாயிலில் இருக்க வாய்ப்புண்டு, மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வளைந்த நடுச்சுவரை நேராக்குவது மட்டும் இங்கே போதாது, சரிந்த தண்டைத் தாங்க ஒன்று வேண்டும். முதலில் நடுச்சுவரிலிருந்தே துண்டு எடுப்பார்கள். இவனுக்கு அழிந்திருப்பது அதுவே. காதுக் குருத்தெலும்பு வளைந்தும் மென்மையாகவும் இருப்பதால் சிறு குழிகளை நிரப்ப உதவும், பாரம் தாங்காது. ஆகவே விலாவைச் சொன்னது நியாயமான ஆலோசனைதான். மார்பில் சிறு தழும்பும் சில வாரம் வலியும் இருக்கும். வைத்த துண்டு பின்னால் சற்றே வளையவும் கூடும். நுரையீரல் உறையில் கிழிசல் விழுவது அரிது. சிலிக்கான் வைப்பது சுலபமாகத் தோன்றினாலும், தொற்றுக்கும் தோலைத் துளைத்து வெளிவருவதற்கும் வாய்ப்பிருப்பதால், இளவயதினருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மெடிக்கல் எய்ட் திட்டங்கள் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. அதனால் மூச்சடைப்பு, அடிபட்ட நாள், ஸ்கேன் முடிவு ஆகியவற்றை மருத்துவர் கடிதத்தில் தெளிவாக எழுதச் சொல்லி, முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

காவடியைப் பொறுத்தவரை, அறுவை சிகிச்சைக்குப்பின் ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்குவதும், கூட்டத்தில் முகத்தில் இடிபடும் வாய்ப்பும் ஆகாது. தைப்பூசமோ நம் ஊரில் கொளுத்தும் கோடையில் வருகிறது, புதுத் தழும்புக்கு வெயிலும் ஆகாது. வேண்டுதலை முடித்துவிட்டு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினாலும் மருத்துவத்தில் நஷ்டம் எதுவும் இல்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அடிபடுவதற்கு முன் பக்கவாட்டில் எடுத்த அவனுடைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். கல்யாண ஆல்பங்களில் அப்படி ஒன்றாவது அகப்படும்.