தாத்தாவின் கூத்து ஆர்மோனியத்தை மறுபடி வாசிக்கும்படி செய்ய முடியுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர், வேடக் கட்டைகளும் (வேடம் கட்டுவோர் அணியும் மர அணிகள்) செய்தவர் எங்கள் தாத்தா. அவர் பெட்டி பல வருடமாகப் பரணில் கிடக்கிறது. கூத்தில் பதிந்த கேசட் ஒன்றும் இருக்கிறது. வருடத் திதிக்குள் பேரப்பிள்ளைகள் அதில் வாசிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போகாதீர்கள். "ரீடெல்லாம் போச்சு, புது செட் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தோலை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், துருத்தியையே மாற்றலாம். ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளான ரீடுகளை மட்டும் தொட விடாதீர்கள். தாத்தா வாசித்த சுருதி அதில்தான் இருக்கிறது. கேசட்டைச் சரிசெய்யவும் அதுதான் வேண்டும்.

கூத்து நடக்கும் இடத்தில் டேப் ரெக்கார்டர் பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடியிருக்கும். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக நகரும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரலும் பெட்டியும் ஏறிக்கொண்டே போகும். கேசட்டின் ஒரு பக்கம் தொடங்கும்போது 5 கட்டைச் சுருதியில் இருந்த பாட்டு முடியும்போது 5½ கட்டையாகக் கேட்கும். (கேட்பவர்கள் தாத்தா அன்றைக்கு அவ்வளவு விறுவிறுப்பாக வாசித்தார் என்று நினைத்துக்கொள்வார்கள்!) அரைக் கட்டை ஏற்றம் என்றால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது. கேசட்டைக் கணினியில் ஏற்றி, 5 நிமிடத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெட்டியின் ஸட்ஜத்தோடு ('ஸ' ஸ்வரம்) ஒத்துப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் எடுக்க வேண்டும்.

கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் நடுவில் உள்ள சிறு சன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் கெடுக்கும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள்.

இனி பெட்டி. எல்லா ஸ்டாப்பரையும் (முன்பக்கம் காற்றைத் திறந்து மூடும் குமிழ்கள்) அடைத்து, வாசிக்கும் கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தியை அடியுங்கள். கையை எடுத்ததும் உள்துருத்தி பொசுக்கென்று இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. முதலில் பார்க்க வேண்டியது மடிப்பு மூலைகளை, எலி கடிப்பதும் தோல் விண்டுபோவதும் அங்கேதான். மெல்லிய ஆட்டுத்தோல் துண்டை வச்சிரப் பசை (தச்சர்கள் காய்ச்சும் தோல் பசை) காய்ச்சி ஒட்டுங்கள். நொடியில் பிடிக்கும் பசை வேண்டாம். தோல் விறைத்து அடுத்த மடிப்பில் பிளந்துவிடும்.

அழுத்தாமலே ஒரு கட்டை 'ஙொய்' என்று கத்தினால் ரீடைக் குறை சொல்லாதீர்கள். கட்டைக்கு அடியில் துளையை மூடும் தோலில் தூசி இருக்கும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசவும் செய்யலாம்.

கட்டையை அழுத்தியும் சத்தமே வராவிட்டால்தான் ரீடைப் பார்க்க வேண்டும். ரீடு பலகையைத் தூக்கி, நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தாளை நுழைத்து ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் பேசிவிடும். நாக்கை நகத்தால் நிமிர்த்தாதீர்கள்; வளைந்தால் காற்று வீணாகும், சத்தம் தாமதமாக வரும். எண்ணெய் கூடாது, உப்புத்தாளும் கூடாது. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். பளபளப்பாக்கப் போய்ச் சுருதியைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பழைய கீறல்கள் தெரிந்தால் அவை சுருதி சேர்த்த தடங்கள், அப்படியே விடுங்கள்.

காற்றும் கட்டையும் சரியானதும், ஸ்டாப்பரை ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டை கட்டையாகச் செல்போனில் பதிந்துவையுங்கள். 3½ ஸ்தாயிப் பெட்டிக்கு 42 கட்டை. கட்டைக்கு இரண்டு ரீடு உள்ள இரட்டை ரீடுப் பெட்டி என்றால் 84 ஒலி. ஒரு மத்தியான வேலை. நாக்கு ஒன்று பின்னால் உடைந்தாலும், மாற்று ரீடை எந்தச் சுருதிக்குச் சேர்ப்பது என்பதற்கு இந்தப் பதிவு கையில் இருக்கும்.

பெட்டி மறுபடி பரணுக்குப் போகக் கூடாது. தருமபுரி வெயிலில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் பலகை சுருங்கி விரிசல் விடும், ஒட்டுகளும் விட்டுப்போகும். உள்ளறையில், தரையில் படாமல், பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். வாரம் ஒருமுறையாவது பிள்ளைகள் வாசித்தால் தோல் இறுகாது.

வேடக் கட்டைகளைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செய்ததாக இருக்கும். வண்டு எளிதில் துளைக்கும். அடியில் மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டியிருந்தால் ஆர்மோனியம் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். வெயிலில் காயவைத்தால் மேலே ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உதிரும். வார்னிஷ் அடித்தால் வண்ணத்தாள் கறுத்துவிடும். உலர்ந்த பிரஷ் மட்டும் போதும்.