சக்கர வீடு கேள்வி - பதில்: கூரைக்கு எந்த ஏணி?

சென்ற இதழில் மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கி வாழும் வண்டியின் கூரையில் வரும் கசிவைப் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்களில் பலர், "கசிவை அடைப்பது இருக்கட்டும், முதலில் கூரைக்கு எப்படிப் போவது?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அலுமினியப் பட்டறையில் 20 வருடம் வேலை பார்த்தவன் நான். 9 வருடமாக மனைவியோடு மோட்டார் ஹோமில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஏணி என்றால் எனக்குப் பேச நிறைய உண்டு. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் ஏணிக்கே.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் மோட்டார் ஹோம் தரையிலிருந்து கூரை விளிம்பு வரை 3.1 மீட்டர் உயரம். பின்புறம் நிரந்தர ஏணி கிடையாது. கூரையில் இரண்டு சோலார் பலகைகள் இருக்கின்றன. குழாய்க்குள் குழாய் அடங்கும் டெலஸ்கோப்பிக் ஏணி, 3.2 மீட்டர் நீளுவது, ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வண்டியின் உயரத்தை விட 10 சென்டிமீட்டர் கூடுதல் என்பதால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: போதாது. கூரைமேல் ஏறி நிற்பதற்கென்றால் அதை வாங்காதீர்கள்.

ஏணியை யாரும் செங்குத்தாக நிறுத்துவதில்லை, சாய்த்துத்தான் வைக்கிறோம். சரியான சாய்வு சுமார் 75 டிகிரி. ஏணி 4 பங்கு மேலே போனால் அதன் அடி 1 பங்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு, சுவரிலிருந்து கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர். அந்தச் சாய்வில் 3.2 மீட்டர் ஏணியின் உச்சி 3.1 மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். அதாவது கூரை விளிம்போடு அப்படியே முடிந்துவிடும்.

ஏறும்போது இது உங்களுக்குத் தெரியாது. கூரையில் கையை ஊன்றி, முழங்காலைத் தூக்கி வைத்து எப்படியோ ஏறிவிடுவீர்கள். இறங்கும்போதுதான் தெரியும். விளிம்பில் முழங்காலிட்டு, முதுகைக் காட்டியபடி ஒரு காலைக் கீழே விட்டு, கண்ணுக்குத் தெரியாத படியைத் துழாவ வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. துழாவுகிற கால் படியைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஏணி சரிந்துவிடும்.

எனக்கு இது நடந்தது. முதல் வருடம், காற்றுப்போக்கியைச் சுற்றிச் சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசிவிட்டு இறங்கப் பார்த்தேன். வலது கால் படியைத் தொட்டதும் ஏணி சுவரை உரசிக்கொண்டே சாய்ந்து விழுந்தது. கூரைக் கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கால் தொங்க நின்றேன். "ஏங்க, அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று மனைவி கீழிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கனமான ஏணியைத் தனியாகத் தூக்கி நிறுத்த அவளால் முடியவில்லை. பக்கத்து வண்டிக்காரர் வந்து நிறுத்திய பிறகுதான் இறங்கினேன். அன்றைக்கு என் ஏணியின் உச்சியும் கூரை விளிம்போடுதான் முடிந்திருந்தது.

அதனால் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: இறங்குவதை மனதில் வைத்து ஏணி வாங்குங்கள். கூரையில் கால் வைக்கப் போகிறவருக்கு ஏணி விளிம்பைத் தாண்டி சுமார் 1 மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டட வேலைக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதியும் 3 அடி என்று அதையேதான் சொல்கிறது. உங்கள் கணக்கு: 3.1 மீட்டரோடு 1 மீட்டரைக் கூட்டி, சாய்வுக்குக் கொஞ்சம் சேர்த்தால் சுமார் 4.25 மீட்டர் வரும். அந்த நீளத்துக்குக் குறைந்த ஏணி உங்கள் கூரைக்கு ஆகாது.

நீளம் மட்டும் போதாது, மேல்முனையைக் கட்டவும் வேண்டும். நல்ல ஏணிகளின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். வேறொரு தளத்துக்குப் போக இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் கட்டியோ வேறு வகையிலோ உறுதிப்படுத்திக்கொள் என்ற எச்சரிக்கை அதில் இருக்கும். கூரைக் கம்பியோடு இரண்டு பக்கமும் ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் வடியும் தகட்டில் கட்ட வேண்டாம், அது பாரம் தாங்கச் செய்ததல்ல. ஏறி முடிக்கும் வரை ஒருவர் கீழே பிடித்துக்கொள்ளட்டும், கட்டிய பிறகு விடலாம்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு உண்மையிலேயே கூரைமேல் போக வேண்டுமா? பலகையில் படிந்த தூசியைத் துடைக்கத்தான் என்றால் நீங்கள் பார்த்து வைத்த 3.2 மீட்டர் ஏணியே போதும். சாய்த்து வைத்த ஏணியின் மேல் 3 படிகளில் நிற்கக் கூடாது. அந்த விதிப்படி நின்றாலும் உங்கள் பாதம் 2.2 மீட்டரில் இருக்கும், கூரை உங்கள் இடுப்பளவுக்கு வரும். நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் பாதிக் கூரையை அங்கிருந்தே துடைத்துவிடலாம். மீதியை மறுபக்கம் போய்த் துடையுங்கள். எல்லா வண்டிக் கூரையும் ஆள் நடக்கச் செய்ததல்ல என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெலஸ்கோப்பிக் நல்லதா, கீல் வைத்த மடக்கு ஏணி நல்லதா? எங்கள் வண்டியில் சாமான் வைக்கும் இடம் மிகக் குறைவு.

பதில்: இடம்தான் பிரச்சினை என்றால் டெலஸ்கோப்பிக். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்குவதால் 3.8 மீட்டர் ஏணி கூட ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கீல் ஏணி நாலாக மடங்குவது. நாலு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று படுப்பதால் பெட்டி போலத் தடிமனாக இருக்கும், நீளமும் முழு நீளத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே போகாது.

ஆனால் பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், டெலஸ்கோப்பிக் ஏணி கவனிப்பு கேட்கிற சாமான். ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் ஒரு சிறிய பின் குழாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. உங்கள் உடல் பாரம் முழுவதும் அந்தப் பின்களின் மேல்தான் நிற்கிறது. கடற்கரை மணல், சேறு உள்ளே புகுந்தால் பின் பாதியில் நின்றுவிடும். குழாயில் சின்ன நெளிவு விழுந்தாலும் அந்தப் பகுதி ஏறாது, இறங்காது. பயன்படுத்திய பிறகு உலர்ந்த துணியால் ஒவ்வொரு குழாயையும் துடையுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில் எதுவும் போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதுதான். ஏறுவதற்கு முன் எல்லாப் பூட்டையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிபாருங்கள். 'க்ளிக்' சத்தத்தை மட்டும் நம்பி ஏறக் கூடாது.

மடக்கும்போது விரல்! மேல் பகுதிகள் தம் பாரத்திலேயே 'தட் தட்' என்று இறங்கும். இரண்டு படிகளுக்கு நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். காற்றழுத்தத்தால் மெதுவாக இறங்கும் வகை இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதையே வாங்குங்கள்.

கீல் ஏணிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. 'ஏ' வடிவத்தில் தனியாக நிற்பதால் ஜன்னல் துடைக்க, விளக்கு மாற்ற எதிலும் சாய்க்காமலே வேலை பார்க்கலாம். பாரம் கொஞ்சம் அதிகம். என் வண்டியில் இருப்பது கீல் ஏணி. மனைவியும் தனியாகத் தூக்கி நிறுத்தக் கூடியதா என்று அவளையே தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

எதை வாங்கினாலும் வைக்கப்போகும் அறையின் உள்ளளவை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். அறைக்கதவின் வாயை அளங்கள். உள்ளே இடமிருந்தும் வாய் வழியாக நுழையாத ஏணிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் எடை 98 கிலோ. ஏணியில் 250 பவுண்டு என்று போட்டிருக்கிறது. தாங்குமா?

பதில்: 250 பவுண்டு என்பது 113 கிலோ. உங்களுக்கு மிச்சம் 15 கிலோ. காலணி, உடை, இடுப்பில் கருவிப்பை, கையில் டிரில், சீலண்ட் எல்லாம் அந்த 15-க்குள் அடங்க வேண்டும். ஒரு சோலார் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அளவு தாண்டிவிடும். (பலகையோடு ஏறவே கூடாது. இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும். கயிறு கட்டி மேலே இழுங்கள்.)

அமெரிக்கத் தரத்தில் 200 பவுண்டில் தொடங்கி 225, 250, 300, 375 என்று வகைகள் உண்டு. நீங்கள் 300-ஐ, அதாவது 136 கிலோவைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் இஎன் 131 என்று போட்டிருந்தால் 150 கிலோ தாங்க வேண்டும். அதில் டெலஸ்கோப்பிக் ஏணிகளுக்கென்றே ஆறாம் பகுதி தனியாக இருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, 3 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள சாய்வு ஏணிகளுக்கு அடிப்பாகம் அகன்றிருக்க வேண்டும். பெரும்பாலும் அடியில் ஒரு குறுக்குத்தண்டாக வரும். பெட்டியில் அந்தத் தண்டு தனியாகக் கிடந்தால் "அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஏணியைச் சாய்த்ததில் வண்டியின் பக்கச்சுவரில் இரண்டு குழிகள் விழுந்துவிட்டன. மனசே சரியில்லை. இனி விழாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. நம் வண்டிச் சுவர் பெரும்பாலும் மெல்லிய ஃபைபர் தகடும் நடுவில் நுரையும் சேர்ந்தது. ஏணியின் இரண்டு முனைகள் ஒரே இடத்தில் அழுத்தினால் நுரை உள்வாங்கிவிடும். அகலமான ரப்பர் மெத்தை வைத்த தாங்கி ஒன்றை ஏணியின் மேல்பகுதியில் பூட்டிக்கொள்ளுங்கள், அழுத்தம் பரவிவிடும். ஆனால் உங்கள் ஏணி மாதிரிக்கென்று செய்த தாங்கியா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே தள்ளும் ஸ்லைடு அறை, சன்ஷேடு, ஜன்னல் மேலெல்லாம் சாய்க்க வேண்டாம். சட்டகம் ஓடும் இடத்தைக் கையேட்டில் பார்த்து அங்கே சாய்க்கலாம்.

இன்னொன்று. வீட்டுச்சுவர் அசையாது, வண்டிச்சுவர் அசையும். உள்ளே ஒருவர் நடந்தாலே ஸ்பிரிங் மேல் வண்டி ஆடும். அந்த ஆட்டத்தில் ஏணியின் தலை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தாங்குகால்களை இறக்கி வண்டியை இறுக்கிய பிறகே ஏணியைச் சாய்ப்பது என் வழக்கம். நான் மேலே இருக்கும் வரை உள்ளே யாரும் நடமாடக் கூடாது என்றும் சொல்லிவிடுவேன். ஈர மண்ணாக இருந்தால் ஏணிக்கால் இரண்டுக்கும் அடியில் ஒரே அகலப் பலகையைப் போடுங்கள். ஒரு கால் மட்டும் மண்ணில் புதைந்தால் ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அலுமினியத்தில் மின்சாரம் பாயும் என்பதால் நிமிர்ந்து மேலே கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டே ஏணியை விரியுங்கள்.

கேள்வி: அதே டெலஸ்கோப்பிக் ஏணியைப் பாதி நீட்டி, பிள்ளைகளின் மேல் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: வேண்டாம்மா. தூக்கக் கலக்கத்தில் இருட்டில் இறங்கும் பிள்ளைக்குக் கொக்கி வைத்த, படி அகலமான, கட்டிலோடு பூட்டிக்கொள்ளும் ஏணி தனியாக வேண்டும். டெலஸ்கோப்பிக்கின் பூட்டுப் பொத்தான்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் பழைய டெலஸ்கோப்பிக் ஏணியைத் தருகிறேன் என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அவரை எதிரில் வைத்துக்கொண்டே முழுவதும் நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பின்னும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளியே வர வேண்டும். ஒன்று தயங்கினாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குழாயைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குப் படாத நெளிவு விரலுக்குத் தெரியும். படியும் குழாயும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, ரப்பர் கால்கள் தேய்ந்திருக்கின்றனவா, பாரம் எழுதிய ஸ்டிக்கர் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது வெல்டிங் வைத்திருந்தாலோ, பின்னுக்குப் பதில் போல்ட் போட்டிருந்தாலோ தொடவே வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் பலம் இழந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால் தரைமட்டத்தில் சாய்த்து வைத்து, முதல் படியில் ஏறி நின்று லேசாக ஆடிப் பாருங்கள். பிறகு இரண்டாம் படி. அதற்கு மேல் அன்றைக்குப் போக வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, கையேடு இல்லையென்றால் தயாரித்தவர்களிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லி ஏறுங்கள்.